டார்ச் அண்ணாச்சி பார்க்காத கடைசி ரீல்

“…அடுத்த வார வியாழக்கிழமை மத்தியான ஆட்டத்துல கடைசி ரீலு ஓடுததுக்கு முந்தி, கொலைகாரன் இன்னாருன்னு நான் எழுதிக் குடுக்கலேன்னா, இந்தா, இந்த டார்ச்ச உங்க கையில குடுத்துட்டு, தியேட்டர் இருக்கிற தெசையில தல வச்சுக்கூடப் படுக்க மாட்டேன், ஏட்டையா!”

இந்தச் சபதத்தின் முதல் பாதி என் காதில் விழவில்லை. அந்த நேரம் பார்த்து நான் ஒரு கோலிச் சோடாவை உடைத்துவிட்டேன். ஆனால் பின்பாதியே போதுமானதாக இருந்தது. இடைவேளைக் கூட்டத்தில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த வாய்களெல்லாம் கடித்த இடத்திலேயே நின்றுவிட்டன.

சபதம் செய்தவர் டார்ச் அண்ணாச்சி. சங்கரன்கோவிலில் அவரைவிட அதிகமாக சினிமா பார்த்த மனிதர் கிடையாது. அவரைவிடக் குறைவாக சினிமாவின் முடிவைப் பார்த்த மனிதரும் கிடையாது. பதினைந்து வருஷமாக ஒரு படத்தின் கடைசி ரீலைக்கூட அவர் பார்த்ததில்லை. அவரைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் எந்தக் காதலர்களும் சேரவில்லை, எந்த வில்லனும் சாகவில்லை, காணாமல் போன எந்தத் தம்பியும் அண்ணனைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் பாதி வழியில் அப்படியே நிற்கிறார்கள்.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. எங்கள் தியேட்டரில் இடைவேளைக் கடை என் பொறுப்பு. முறுக்கு, கடலைமிட்டாய், கலர், சோடா. அண்ணாச்சிக்கு உள்ளே வேலை. இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது. ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு டார்ச் அண்ணாச்சி. அவர் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் முடுக்குச் சந்துக்கே ‘டார்ச்சு முடுக்கு’ என்று பெயர் வந்து, ஒரு தடவை தந்தியே அந்த விலாசத்துக்கு வந்து சேர்ந்தது.

மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச் அது. கழுத்தில் பூணூல் மாதிரி ஒரு நாடா கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதற்கென்று சில நியாயங்கள் வைத்திருந்தார். எவர் முகத்திலும் அடிக்கமாட்டார். “மூஞ்சியில அடிக்கது போலீசு வேலை. நம்ம வேலை காலடியில அடிக்கது” என்பார். தாமதமாக வருகிறவர்களை இடத்தில் உட்காரவைப்பதற்குள், அதுவரை ஓடிய கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். “அவ அப்பன் செத்துட்டான், இவன் பட்டணம் போயிட்டான், ஒரு பாட்டு முடிஞ்சிட்டு, நீங்க உக்காருங்க.” மூன்று மணி நேரப் படத்தை அத்தனை அழகாகச் சுருக்க இன்றுவரை ஒருத்தரும் பிறக்கவில்லை. படத்தைவிட அவர் சுருக்கம் நன்றாக இருக்கிறதென்று வேண்டுமென்றே பிந்தி வருகிறவர்கள் இருந்தார்கள்.

சரி, கடைசி ரீல் ஏன் பார்க்கவில்லை? பஸ்தான் காரணம்.

மத்தியான ஆட்டம் ஐந்தேகாலுக்கு முடியும். குருவிகுளம் வழியாக இளையரசனேந்தல் போகிற பஸ் ஐந்து பத்துக்கே எங்கள் வாசலைத் தாண்டும். அதை விட்டால் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு மறுநாள் காலையில்தான் வண்டி. மத்தியான ஆட்டத்துக்கு வருகிறவர்களோ பாதிப் பேர் அந்தப் பக்கத்துப் பொம்பிளைகள். மிளகாய் நிறுக்க வந்தவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து அப்படியே படத்துக்கும் வந்தவர்கள். படம் முடியும் முன்னே எழுந்து ஓடுவார்கள், இல்லாவிட்டால் பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் நின்று அழுவார்கள். ஒரு நாள் அண்ணாச்சி இதைப் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து, கடைசி ரீல் மாட்டுகிற சத்தம் ஆபரேட்டர் அறையிலிருந்து கேட்டதும் கதவுகளின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிட்டு வெளியே வந்து, நடு ரோட்டில் நின்று, பஸ்ஸுக்குக் கையைக் காட்டிவிடுவார்.

“ஆளு வருது வே! ஒரு நிமிசம்!”

அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகும். டிரைவர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் விசில் அடிப்பார், அண்ணாச்சி ஐயனார் சிலை மாதிரி நிற்பார். கடைசி ஆள் ஏறின பிறகுதான் கை இறங்கும். மாலை ஆட்டத்துக்கும் இதே கதை, அது மேலநீலிதநல்லூர் பஸ். இரண்டாம் ஆட்டத்துக்கு அவருக்கு வேலை கிடையாது.

“அப்ப ரெண்டாம் ஆட்டம் வந்து முடிவப் பாத்துட்டுப் போகலாம்லா, அண்ணாச்சி?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“டார்ச்சு இல்லாம உள்ள போனா நான் யாருவே? வழியில நிக்க மரம் மாதிரி இருக்கும்” என்றார்.

இந்த நிலையில்தான் அந்தக் கொலைப் படம் வந்து சேர்ந்தது.

படத்தின் பெயர் எதற்கு? ஊரில் எல்லாரும் ‘கொலப்படம்’ என்றுதான் சொன்னோம். ஒரு மலை ஊர். எப்போது பார்த்தாலும் பனி. பனிக்குள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். ஒவ்வொரு பிணத்தின் பக்கத்திலும் ஒரு கறுப்பு ரோஜா கிடக்கும். பிணம் கிடைத்ததும் ஜீப் வரும், நாய் வரும், பளிச் பளிச்சென்று போட்டோ எடுப்பார்கள், தொப்பி போட்ட துப்பறியும் அதிகாரி தொப்பியைக் கழற்றுவார், டமார் என்று ஒரு மேளம். இடைவேளைக்குள் மூன்று பிணம் விழுந்துவிடும். யாரைப் பார்த்தாலும் கொலைகாரனாகத் தெரியும். ஊசி போடும் கம்பவுண்டர், ஒற்றைக் கண் எஸ்டேட் முதலாளி, ராத்திரியெல்லாம் பியானோ வாசிக்கிற டீச்சர், சிரிக்கவே சிரிக்காத தபால்காரர். கடைசி ரீலில், மூடிய தேயிலை ஃபாக்டரிக்குள் துரத்திப் பிடித்து, அவன் முகத்தில் கட்டியிருக்கிற துணியை அவிழ்ப்பார்கள். கூட்டம் ‘ஆ’ என்று அலறும். அந்த ‘ஆ’ சத்தம் ரோட்டில் பஸ்ஸை மறித்து நிற்கிற அண்ணாச்சி காதில் தினமும் விழும்.

முதல் நாள் ஏட்டையா வந்தார். ஏட்டையா என்றால் எங்கள் ஸ்டேஷன் ஹெட் கான்ஸ்டபிள். நெஞ்சுச் சுற்றளவு நாற்பத்திரண்டு அங்குலம், அதை அவரே சொல்லுவார். இடைவேளையில் என் கடைக்கு முன்னால் நின்று, கலர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்கத் தீர்ப்புச் சொன்னார்.

“கம்பவுண்டர்தாம்வே. பாத்த ஒடனே சொல்லிருவேன். முப்பது வருச சர்வீசு!”

படம் முடிந்து வெளியே வந்தார் ஏட்டையா. சைக்கிளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவர் மறுபடி வந்தபோதுதான் வந்தது வினை. அண்ணாச்சி அவரிடம் பணிவாகக் கேட்டார். “ஏட்டையா, கம்பவுண்டர் இல்லியோ?”

“உமக்கு எவன் சொன்னான்?”

“ஒருத்தரும் சொல்லல. அன்னைக்கி நீங்க போற வேகத்தப் பாத்தேன். ஜெயிச்சவன் அப்படிப் போக மாட்டான்.”

கூட்டம் சிரித்துவிட்டது. ஏட்டையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

“துப்பறியுத மூஞ்சியப் பாரு. நெஞ்சு அரை இஞ்சு கொறைஞ்சவன்லாம் போலீசு வேலை பாத்தா, நாங்க டார்ச்சு பிடிக்கப் போவோமா?”

அது அண்ணாச்சியின் பழைய புண். இருபது வயதில் பாளையங்கோட்டைக்குப் போலீஸ் ஆள் எடுப்புக்குப் போயிருக்கிறார். ஓட்டம் பாஸ். கயிறு ஏறினது பாஸ். மார்பு அளக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார். டேப்பைச் சுற்றினவன் கையில் மூக்குப்பொடி. அண்ணாச்சிக்குத் தும்மல் வந்துவிட்டது. அரை இஞ்சு போய்விட்டது. அந்தத் தும்மல் வராமலிருந்தால் ஏட்டையா நிற்கும் இடத்தில் இவர் நின்றிருப்பார் என்று எங்களில் பலர் மனமார நம்பினோம்.

அண்ணாச்சி ஒரு நிமிஷம் டார்ச்சைப் பார்த்தார். பிறகுதான், நான் பாதி மட்டும் கேட்ட அந்தச் சபதம்.

மற்றவர்கள் சபதம் செய்தால் சாயங்காலம் மறந்துவிடுவார்கள். இவர் அப்படியில்லை. ஒரு தடவை தியேட்டர் எதிரேயிருந்த டீக்கடையில் ‘ஆடை மிதக்கு’ என்று தகராறு செய்து, ‘இனி உன் கடை டீ குடிக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வந்தவர், ஏழு வருஷம் இரண்டு தெரு தாண்டிப் போய் டீ குடித்தார். அந்த டீக்கடைக்காரர் செத்துப்போய், மகன் வந்து, அவனும் கெஞ்சி, ‘கடையப் பூட்டிச் சாவிய உங்க கையில தாறேன், திறந்து நீங்களே டீ போட்டுக் குடியுங்க’ என்று சொன்ன பிறகுதான் மனசு இறங்கினார். அம்மன் ஒற்றைக்காலில் தபசு நின்ற ஊர் எங்கள் ஊர். பிடிவாதம் இங்கே தண்ணீரில் கலந்தே வரும்.

ஆகவே எனக்குப் பயம் வந்துவிட்டது. தோற்றால் இவர் நிஜமாகவே போய்விடுவார். போனால் யார் டார்ச் அடிப்பது? அது கிடக்கட்டும், யார் பஸ்ஸை மறிப்பது?

“அண்ணாச்சி, எதுக்கு இந்த வம்பு? நான் முடிவப் பாத்திருக்கேன். சாடையா ஒரு வார்த்தை சொல்லுதேன்…” என்று காதருகே போனேன்.

என் வாயைப் பொத்திவிட்டார். கையில் டார்ச் துரு வாசம். “சொன்னீர்னா உம்ம கடை முறுக்கு எனக்கு ஆயுசுக்கும் வேண்டாம்.”

டீக்கடைக்காரர் கதி எனக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அண்ணாச்சி வழக்கை எடுத்துக்கொண்டார். முதல் ஏற்பாடு, காதில் பஞ்சு. படம் முடிந்து வருகிறவர்கள் பஸ் ஏறும்போது ‘அவனா இருப்பான்னு நெனைக்கவே இல்லட்டி’ என்று பேசிக்கொண்டுதானே வருவார்கள்? எங்கள் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? ஜின்னிங் ஃபாக்டரியில் கேட்டு வாங்கி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டுதான் பஸ்ஸை மறிக்கப் போவார். முதுகுக்குப் பின்னால் டிரைவர் ஹாரனை எத்தனை அடித்தாலும் அவருக்குக் கேட்காது. இதனால் ஐந்து பத்து பஸ் ஐந்தரை பஸ்ஸாகிவிட்டது. சில நாள் பஞ்சை எடுக்க மறந்து தியேட்டருக்குள்ளேயும் வந்துவிடுவார். கக்கூஸ் எங்கே என்று கேட்ட ஒரு பெரியவரை நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது, சந்தேகப்படுகிறவர்களை நேரடியாகக் கவனிப்பது. தபால்காரர் திரையில் வந்ததும் அண்ணாச்சி தன்னை மறந்து திரையிலேயே டார்ச்சை அடித்துவிடுவார்.

“செருப்பப் பாருங்க மக்கா! பனியில நடந்தவன் செருப்புல சகதி இருக்கா? இல்லல்லா? அப்ப இவன் நடந்து வரல!”

கூட்டம் எட்டிப் பார்க்கும். “ஆமா அண்ணாச்சி!”

மேலே ஓட்டை வழியாக ஆபரேட்டர் கத்துவார். “டார்ச்ச அணையும்வே! படம் வெளுக்கு!”

“கொலைகாரன் தப்பிச்சுப் போறாங்கேன், படம் வெளுக்குங்கீரு!”

மூன்றாவது, ரோஜா விசாரணை. ஒரு காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு பூக்கடைக்குப் போனார். கட்டு கட்டாகப் பிச்சிப்பூ அளந்துகொண்டிருந்த கடைக்காரரிடம், “கறுப்பு ரோசா எங்கன கெடைக்கும்?” என்று கேட்டார்.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கறுப்பு ரோசா ஏதுவே ஒலகத்துல? எவனாவது மசியில முக்கியிருப்பான்.”

“முக்குனா எம்புட்டு நேரம் தாங்கும்?”

“அரை மணி நேரத்துல தொங்கிரும். யாருக்கு மாலை?”

“செத்தவங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி நடந்துவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்து, “யாருவே செத்தது?” என்றார். “அஞ்சு பேரு” என்றேன். வேறு என்ன சொல்ல?

வழியில் அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டார். “படத்துல பூ வாடல, கவனிச்சீரா? போலீசு வரும்போது பூ புதுசா கெடக்கு. அப்பன்னா கொன்னவன் போலீசு வாறதுக்கு அரை மணிக்குள்ளதான் பூவைப் போடுதான். எங்கியோ பக்கத்துலதான் நிக்கான். எஸ்டேட்டுக்காரன் பங்களா நாலு மைலு. அவன் இல்ல.” பீடிக்கட்டுத் தாளின் உட்புறம் எழுதி வைத்திருந்த பட்டியலில் எஸ்டேட் முதலாளியை அடித்தார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம்.

நான்காவதாக ஒரு வழியை நானே சொல்லிக் கொடுத்தேன். “அண்ணாச்சி, ரெண்டாந்தடவை படம் பாக்க வாறவங்க மூஞ்சியக் கவனிங்க. கொலைகாரன் வரும்போது பக்கத்துல இருக்கவங்களை இடிப்பாங்க. அத வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்.”

இதைக் கேட்டு அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். திருட்டுப் பொருளைக் கையில் கொடுத்த மாதிரி விலகிப்போனார். “அது பரீச்சையில பக்கத்துப் பய பேப்பரப் பாத்து எழுதுதது வே. அதுக்கு நான் பாளையங்கோட்டையில தும்மாமலேயே இருந்திருப்பேன்.” இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குமேல் பேச முடியவில்லை.

இதற்குள் ஊரே வழக்குக்குள் வந்துவிட்டது. படம் பார்த்த ஒருவரும் அண்ணாச்சி முன்னால் வாயைத் திறப்பதில்லை. தறிக்காரர்கள் தறி ஓடும்போது கொலைகாரன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பார்கள், அண்ணாச்சி தெருமுனையில் திரும்பியதும் ‘இந்த வருசம் மழை எப்படி?’ என்பார்கள். சங்கரன்கோவிலில் மழையைப் பற்றி அத்தனை பேச்சு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஒரு அவசரக்காரர் மட்டும் சலூனில் உளற வாயைத் திறந்துவிட்டார். சலூன்காரர் சோப்பு நுரையை எடுத்து வாயிலேயே அப்பிவிட்டார்.

புதன்கிழமை வந்துவிட்டது. பட்டியலில் மிச்சம் இருந்தது டீச்சரும் தபால்காரரும். அண்ணாச்சி முகம் வாடிப்போய்விட்டது. “ரெண்டு பேருலயும் பொருந்தல வே. பிணம் கெடக்க எடத்துல அரை மணிக்குள்ள ரெண்டு பேரும் இல்ல. அங்கன நிக்கவன் எவனையோ நான் பாக்கல. இருவத்தஞ்சு தடவை பாத்தும் பாக்கல” என்றார். மறுநாளோடு படம் மாறுகிறது. ஏட்டையா இரண்டு தடவை வந்து “டார்ச்சுக்குப் புதுக் கட்டை போட்டு வையும்வே, எனக்குத்தான வரப்போகுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியான ஆட்டத்தில் கரண்டு போய்விட்டது. படம் நின்றது. விசில். கூச்சல். அண்ணாச்சி வழக்கம்போல டார்ச்சை அடித்துக்கொண்டு நடுப்பாதையில் நடந்தார். எங்கள் தியேட்டரில் வெளியே போகிற வழியில் மூன்று படி. மூன்றாவது படி உடைந்த படி. வெளியே போக எழுந்த ஒருவருக்கு அந்தப் படிக்கு வெளிச்சம் காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “யாரது, டார்ச்சு அண்ணாச்சியா?” என்று கேட்டார்.

“ஏன், பாத்தாத் தெரியலியா?”

“வெளிச்சம்லா தெரியுது. நீங்க எங்க தெரியுதிய?”

நான் சோடாப் பெட்டியோடு பக்கத்தில் நின்றேன். அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். வெளிச்சம் படியிலேயே கிடந்தது. அந்த ஆள் இறங்கிப் போய்விட்டார், வெளிச்சம் மட்டும் வெறும் படியில் கிடந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தாளு இருக்கா?”

முறுக்குக் கட்டிக் கொடுக்கிற தாளைக் கிழித்துக் கொடுத்தேன். திரும்பி நின்று எழுதினார். எட்டாக மடித்து, போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையைத் தொட்டு ஒட்டி, சாயங்காலமே ஏட்டையா கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். டார்ச்சையும் சேர்த்துத்தான். “பந்தயம்னா பந்தயம். நாளைக்கு முடிவு தெரியுத வரைக்கும் ஒங்க மடியில இருக்கட்டும்.”

வியாழக்கிழமை. பஸ்ஸுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று நானும் மானேஜரும் முதல் நாளே டிரைவரிடம் போயிருந்தோம். ‘கடைசி நாள் மட்டும் அண்ணாச்சி முடிவைப் பார்க்கட்டும், நீங்களாக ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள்’ என்று கேட்கத்தான் போனோம். கேட்டு முடிப்பதற்குள் டிரைவர் பொரிந்துவிட்டார்.

“பன்னெண்டு நாளா என்னை நடு ரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்காரு! வண்டியில ஏறுத ஆளுக பூரா ‘அவனா, அவனா’ன்னு பேசிக்கிட்டு வருதாக. எவன்னு ஒருத்தியும் சொல்லமாட்டேங்கா. கேட்டா, ‘டார்ச்சு அண்ணாச்சிக்குத் தெரியக்கூடாது’ங்கா. எனக்கு ராத்திரி ஒறக்கம் வரல, தெரியுமா? நான் நிக்கதா? நானும் உள்ள வாறேன்வே!”

சொன்னபடி ஐந்து மணிக்கே பஸ்ஸைத் தியேட்டர் வாசலில் ஓரங்கட்டிவிட்டு, டிரைவரும் கண்டக்டரும், ஏற்கெனவே வண்டியிலிருந்த எட்டுப் பேரும் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். மானேஜர் டிக்கெட் கேட்கவில்லை.

அண்ணாச்சியை நடுப்பாதை ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தோம். பதினைந்து வருஷத்தில் அந்தத் தியேட்டரில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கழுத்தில் டார்ச் தொங்குகிற இடத்தைத் தடவிக்கொண்டேயிருந்தார். பக்கத்தில் ஏட்டையா. ஏட்டையா மடியில் டார்ச். சட்டைப் பையில் சீட்டு. பின்னால் நான்.

கடைசி ரீல் மாட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“இருங்க அண்ணாச்சி! பஸ்ஸு வாசல்ல நிக்கி. டிரைவரே பின்னால இருக்காரு.”

“ஓ” என்று உட்கார்ந்தார். கால் மட்டும் உட்காரவில்லை, ஆடிக்கொண்டேயிருந்தது.

தேயிலை ஃபாக்டரி. இருட்டு. கறுப்புக் கோட்டுப் போட்டவன் ஓடுகிறான். தொப்பி அதிகாரி துரத்துகிறார். மேளம் அடிக்கிறது, நின்றுவிடுகிறது. மூலையில் மடக்கிவிட்டார். அதிகாரியின் கை மெல்ல மெல்ல அவன் முகத்துத் துணியை நோக்கிப் போகிறது. ஏட்டையா முன்னுக்குச் சாய்ந்தார். டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அதன் தாய், பஸ் போய்விடப்போகிறதே என்ற பதற்றமோ என்னவோ, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து, இருட்டில் தட்டுத் தடுமாறி வழிக்கு வந்தாள்.

ஏட்டையா மடியிலிருந்த டார்ச் பறந்தது.

“அண்ணாச்சி! திரையப் பாருங்க! திரையப் பாருங்க!” என்று நான் கத்தினேன்.

“மூணாம் படி ஒடைஞ்சது வே!” திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் அவள் காலடியில் டார்ச்சை அடித்துக்கொண்டே போனார். “பைய, தாயி, பைய. ரெண்டு படி ஆச்சு. இன்னும் ஒண்ணு, அது பொல்லாதது. தாண்டி வையி. பஸ்ஸு எங்கயும் போகாது.”

துணி அவிழ்ந்தது. ‘ஆ’ என்று கூட்டம் அலறியது. பதினைந்து வருஷமாக ரோட்டில் நின்று கேட்ட கடைசி ரீல் சத்தத்தை, அன்றைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் அவர் கேட்டிருப்பார்.

“சீட்டு! சீட்டைப் பிரியுங்க ஏட்டையா!” என்றார் டிரைவர்.

ஏட்டையா பிரித்தார். வெளிச்சத்துக்கு டார்ச் இல்லை. தீப்பெட்டியைத் தேடி ஒரு குச்சி உரசினார். அந்தச் சின்ன வெளிச்சத்தில் நாங்கள் நாலைந்து பேர் தலையை முட்டிக்கொண்டு படித்தோம். முறுக்கு எண்ணெய் ஊறிய தாளில், கோணல் எழுத்தில் இருந்தது.

‘போட்டா பிடிக்கிறவன். வெளிச்சம் அடிக்கிறவன் மொகத்த எவனும் பாக்க மாட்டான்.’

நிமிர்ந்தோம். திரையில், கழுத்தில் காமிராப் பெட்டி தொங்க, போலீஸ் போட்டோக்காரன் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு பிணத்தின் பக்கத்திலும் பளிச் பளிச்சென்று நின்றவன். எனக்கு முடிவு முன்பே தெரியும். ஆனால் ஏன் அவன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீக்குச்சி ஏட்டையாவின் விரலைச் சுட்டது. உதறிக்கூட அணைக்கவில்லை. “அரை இஞ்சு” என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து ஓடினார். அவர் பின்னால் நான், என் பின்னால் டிரைவர், கண்டக்டர், தறிக்காரர்கள், பொம்பிளைகள், எல்லாரும்.

வெளியே நல்ல வெயில். நடு ரோட்டில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஓரங்கட்டி நின்ற, டிரைவர் இல்லாத, எஞ்சின் அணைந்த, ஒரு ஆள்கூட இல்லாத அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கையை உயர்த்தி அதை மறித்துக்கொண்டிருந்தார். அவர் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தனை வருஷம் கூடவே வேலை பார்த்திருக்கிறேன்.

“அண்ணாச்சி, நான் இங்கனல்லா நிக்கேன்! வண்டி எப்படிப் போகும்?” என்றார் டிரைவர்.

ஏட்டையா மூச்சு வாங்கிக்கொண்டு, சீட்டை உயரத் தூக்கிக் காட்டினார். “வே! நீரு சொன்னதுதாம்வே! போட்டோக்காரன்தான்! ஜெயிச்சிட்டீரு!”

அண்ணாச்சி சீட்டைப் பார்க்கவில்லை. காதில் பஞ்சு இல்லை, கேட்டிருக்கும். உதடு ஒரு பக்கம் லேசாகக் கோணியது. உயர்த்திய கையை மட்டும் இறக்கவில்லை.

“அது இருக்கட்டும், ஏட்டையா. ஆளு வருது. வழிய மறைக்காம செத்த ஒதுங்கி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, அந்தப் பளீரென்ற சாயங்கால வெயிலில், ஓடிவந்துகொண்டிருந்த பொம்பிளைகளின் காலடியில் டார்ச்சை அடித்தார்.